கழுவிய மொச்சையோடு மைசூருக்கு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தக்காளிக்காக ஒரு சண்டை நடந்தது. இந்தப் பயணத்துக்குக் காரணம் அதுதான். ஈரோட்டில் முப்பது வீடுகளுக்கு, கோபிப் பக்கம் மருந்தடிக்காமல் விளைவிக்கும் இரண்டு விவசாயிகளிடம் காய் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் வேலையை நான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறேன். ஐப்பசி மழையில் தக்காளி அழுகிவிட்டது. "காசு கொடுக்கிறோம், தக்காளி இல்லையென்றால் என்ன அர்த்தம்?" என்று மூன்றாவது மாடிக்காரர் மின்தூக்கிக்குள் வைத்து என்னைக் கேட்டார். மின்தூக்கியில் ஓடி ஒளிய இடமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

கொள்ளேகாலில் வேலை பார்க்கும் சிநேகிதி ஒருத்தியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "மைசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை இருக்கிறது. விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து நடத்துகிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து புலம்பு" என்றாள். அங்கே விற்கப் போகிற ஒருவருடைய தொலைபேசி எண்ணையும் கொடுத்தாள். அவர் பெயர் மாதேஸ்வரி, ஊர் மார்டள்ளி. "சனிக்கெழம வாங்க்கா. ராத்தங்கிட்டு விடியால எங்க வண்டியிலயே போயிறலாம்" என்று முன்பின் தெரியாத என்னை அழைத்தார். தை பிறக்க இரண்டு வாரம் இருந்தது. மொச்சை சீசன். கிளம்பிவிட்டேன்.

போன வழி

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஈரோட்டில் பேருந்து ஏறினேன். மேட்டூர் வரை இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேட்டூரில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு, மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பேருந்தைப் பிடித்தேன். பாலாறு தாண்டினால் கர்நாடகம். அங்கிருந்து காடும் வளைவுகளும்தான். வாந்தி வருகிறவர்கள் இட்லியைத் தள்ளிப்போடுவது நல்லது. மலையில் இறங்கி, கோயில் கோபுரத்துக்கு வெளியே நின்றபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கொள்ளேகால் பேருந்தில் கௌதள்ளி வரை போனேன். அந்தப் பேருந்தில் என்னைத் தவிர எல்லாப் பெண்களுக்கும் கட்டணமில்லை. நடத்துனர் என் அடையாள அட்டையைப் பார்த்து, "தமிழ்நாடா? காசு எடுங்க" என்று தமிழிலேயே சொன்னார். பேருந்துச் செலவு மொத்தம் இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

கௌதள்ளியிலிருந்து மார்டள்ளிக்கு ஷேர் ஆட்டோ உண்டு. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றே முக்கால். கர்நாடகத்துக்குள் இருக்கிற பெரிய தமிழ் ஊர். கடைப் பலகைகள் கன்னடத்தில், கடைக்குள் பேச்சு நம் பவானிப் பக்கத்துப் பேச்சு. மாதேஸ்வரி ஆட்டோ நிற்கும் இடத்திலேயே காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இவர் பயிர் செய்கிறார்.

நேராகக் காட்டுக்குத்தான் கூட்டிப் போனார். எங்கள் பக்கம் போல அங்கும் வயலைக் காடு என்றுதான் சொல்கிறார்கள். ராகி அறுத்த தாள் நிற்க, நடுநடுவே வரிசையாக மொச்சை கொடியோடிப் பூவும் காயுமாக நின்றது. ஓரத்தில் ஆமணக்கும் கடுகும் இருந்தன.

"ராகி மழைக்குங்க, மொச்சை பனிக்கு. மழை ஏமாத்துனாலும் பனி ஏமாத்தாதுங்க்கா. கீரை தானா மொளைக்குது. தாளு மாட்டுக்கு. இந்தக் காடு இருக்கற வரைக்கும் எங்கூட்டுல அடுப்பு அணையாதுங்க."

"இருக்கற வரைக்குமா?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். நிலத்துக்காரர் செங்கோடன், அதே ஊர்க்காரர். மக்காச்சோள ஒப்பந்தக்காரர் ஒருவர் அவரிடம் வந்திருக்கிறார். விதை, உரம், களைக்கொல்லி எல்லாம் அவர்களே தருவார்கள், விளைச்சலையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நிலத்தைக் கொடுத்துவிட்டு சும்மா இருக்கலாம். களைக்கொல்லி அடித்த காட்டில் நடுவரிசையும் கிடையாது, கீரையும் கிடையாது. திங்கட்கிழமை கையெழுத்து.

"உன்ற மொச்சையையும் ராகியையும் நெரந்தரமா எடுத்துக்கறவிய யாருன்னு சொல்லு, நெலத்த உங்கிட்டயே உடறேன்னு சொல்லிப்போட்டாருங்க. நாயம்தானுங்களே? போன வருசம் அந்தியூரு யாவாரி பாதி மூட்டைய அப்படியே திருப்பி உட்டுட்டான். அது அவருக்குந் தெரியும்."

மைசூர்ச் சந்தையில் புதிதாக வருகிறவர்களுக்கு விருந்தாளி மேஜை என்று ஒன்று உண்டாம். சில ஞாயிறுகள் அதில் வைத்து விற்கலாம். பிறகு விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் கூடி, நிரந்தர மேஜை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மாதேஸ்வரி ஏற்கெனவே இரண்டு முறை ராகி கொண்டு போயிருக்கிறார். ராகி அங்கே ஏற்கெனவே மூன்று மேஜைகளில் இருக்கிறது. புதிதாக என்ன கொண்டு வருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மொச்சை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நாளைக்குக் கடைசி ஞாயிறு. கூட்டம் பதினொரு மணிக்கு.

தொட்டியும் தார்ப்பாயும்

காலையிலிருந்தே பறித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு மாதேஸ்வரியும் நானும் சேர்ந்து, இரண்டு மணி வரை பறித்தோம். நான் பறித்ததை மறுபடி ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது, அது வேறு கதை. மொச்சைக்காயைப் பறித்தால் விரல் முழுக்கப் பிசுபிசுவென்று எண்ணெய் ஏறிக்கொள்கிறது. நல்ல நெடி. தூசி எல்லாம் அதில் வந்து ஒட்டுகிறது.

"இப்படியேவா கொண்டு போறது?" என்று அந்தப் பெண்களில் ஒருவர் கேட்டார். அந்தியூர் வியாபாரி பிசுக்கும் மண்ணுமாக இருந்தால் விலையைக் குறைப்பானாம். அதனால் அவர்கள் ஊரில் வெளியே போகிற மொச்சையைக் கழுவித்தான் அனுப்புகிறார்கள். மைசூர் அந்தியூரைவிடப் பெரிய ஊர். ஆகவே ஒரு தண்ணீருக்கு மூன்று தண்ணீர். ஊர்ப் பொது ஆழ்குழாய்த் தொட்டியில் போட்டுக் கையால் தேய்த்துக் கழுவி, தார்ப்பாயில் பரப்பி வெயிலில் உலர்த்தினோம். நானும் முழங்கை வரை நனைந்தேன். காய் ஒவ்வொன்றும் புது நகை போல மின்னியது. படம் எடுத்து எங்கள் குடியிருப்புக் குழுவில் போட்டேன். மூன்றாவது மாடிக்காரரே கைகூப்பும் பொம்மை அனுப்பினார்.

"நாங்க திங்கறதுக்கு இத்தன பண்ண மாட்டமுங்க. டவுனுக்காரங்களுக்குக் குடுக்கறப்போ சும்மா அள்ளிக் குடுக்கலாங்களா?" என்றார் மாதேஸ்வரி. அன்று இரவு அவர் வீட்டில் கழுவாத மொச்சையைப் போட்டு வைத்த குழம்பும் ராகிக் களியும். இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள்.

விடியற்காலை நான்கு மணிக்குச் சரக்கு வண்டி வந்தது. ஓட்டுனர் சித்தராஜு ஹனூர்க்காரர், கன்னடக்காரர், வேண்டிய அளவுக்குத் தமிழ் பேசுவார். ஆறு மூட்டைகளை ஏற்றினார். ஒரு மூட்டையைத் தோளில் வைத்தபடியே ஒரு நொடி நின்று மூச்சை இழுத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஏற்றிவிட்டார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஹனூர், கொள்ளேகால், தி.நரசிபுரம் வழியாக மைசூர் ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். முன் இருக்கையில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நரசிபுரத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது ஆற்றின் மேல் பனி எழும்பிக்கொண்டிருந்தது. மாதேஸ்வரி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். ஆறே முக்காலுக்குச் சந்தைத் திடலில் இறங்கினோம்.

யாரும் சொல்லாத காரணம்

ஊருக்குள் ஒரு பூங்காவை ஒட்டிய திடல். பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். இருபது இருபத்தைந்து மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் பலகையில் ஒரு பெயர், ஓர் ஊர். கடைசியில் ஒரு பெரியவர் அடுப்பு வைத்து, அங்கே முத்தை என்று சொல்லும் ராகிக் களியும் சாறும் விற்றார். ஏழு மணிக்கெல்லாம் துணிப்பைகளோடு கூட்டம் வந்துவிட்டது. மைசூரில் மார்கழி மாதம் மொச்சைக்கு இருக்கிற மவுசை நான் கேள்விப்பட்டிருந்தேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எல்லோரும் வந்ததும் வராததுமாக "அவரேகாயி" என்று மொச்சையைக் கேட்டுக்கொண்டு எங்கள் மேஜைக்கே வந்தார்கள்.

வந்தார்கள். ஒரு காயை எடுத்தார்கள். விரலால் தேய்த்தார்கள். விரலை மூக்கருகே கொண்டு போனார்கள். காயை மறுபடி மெதுவாகக் குவியலில் வைத்துவிட்டு, சிரித்து, தலையாட்டி, அடுத்த மேஜைக்குப் போனார்கள். ஒருவர் இருவர் இல்லை, வந்த எல்லோரும். எட்டரை வரை இதுதான் நடந்தது. கோபிக்காரராக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். மைசூர்க்காரர்களின் மரியாதை பெரிய மரியாதை, காரணம் சொல்லி மனதைப் புண்படுத்த மாட்டார்கள். அந்த மரியாதையில் நாங்கள் நொந்து நூலாகிக்கொண்டிருந்தோம்.

"வெல கூடப் போயிருச்சுங்களா?" என்று மாதேஸ்வரி என்னிடம் கேட்டார். விலையை யாரும் கேட்கவே இல்லை என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

ஒன்பது மணிக்குத்தான் ரங்கநாயகி வந்தார். அறுபது தாண்டியவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்டு மைசூரில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். நாங்கள் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு நின்றார். அவரும் காயைத் தேய்த்து முகர்ந்தார். ஆனால் திருப்பி வைக்கவில்லை.

"என்னம்மா இது, ஜலத்துல அலம்பிட்டேளா?"

"ஆமாங்க. சுத்தமா இருக்கட்டும்னு..."

"அய்யோ ராமா. சொகடெல்லாம் போயிடுத்தே! இங்க மொச்சைய வாங்கறதே அந்த வாசனைக்குத்தான். கை பிசுக்குன்னு ஆனாத்தான் பனியில விளைஞ்சது. இல்லைன்னா வருஷம் பூரா வர்ற மருந்துக் காய்னு நெனச்சுப்பா எல்லாரும்."

காய்த்தோலில் பனிக்காலத்தில் ஏறும் எண்ணெய்ப் பிசுக்கும் மணமும்தான் அந்தச் சொகடு. அதைத்தான் மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தோம். வண்டியின் மேல் சாய்ந்து நின்ற சித்தராஜுவை நான் முறைத்துப் பார்த்தேன். "உங்களுக்கு வெடியக்காலயே தெரியுமில்ல?"

"கொத்தித்து அக்கா, தெரிஞ்சுது. வாசனையே இல்லே. நாலு பேரு சேர்ந்து அப்பிடிக் கழுவி வெச்சிருக்கீங்க, ஏதோ ஹரகெ, வேண்டுதல்னு நெனச்சேன்" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு நல்ல மனிதர், "பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. நான் பத்துக் கிலோ எடுத்துக்கறேன்" என்று பணப்பையை எடுத்தார். மனம் குளிர்ந்து நான் கோணிப்பையைப் பிரிக்கப் போனேன். மாதேஸ்வரி என் கையைப் பிடித்தார்.

"வேண்டாமுங்க. இன்னிக்குப் பாவம் பாத்து வாங்குவீங்க. அடுத்த வாரம் வருவீங்களா? எனக்கு அடுத்த வாரந்தானுங்க வேணும்."

அவர் பணப்பையை மெல்ல உள்ளே வைத்தார். கோபப்படவில்லை, "சரிதான்" என்று கன்னடத்தில் சொன்னார். ரங்கநாயகி அம்மாள் மட்டும் மாதேஸ்வரியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"அப்போ உரிச்சுக் குடு. தோலோட வாசனை போயிடுத்து, கொட்டைல ருசி இருக்கான்னு பாத்துடலாம். இருந்தா வாங்கிக்கறேன். இல்லைன்னா நானும் நடையக் கட்டறேன்."

ஒரு கைப்பிடி உரித்தோம். முத்தைக் கடைப் பெரியவர் அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தை வைத்து, உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுத்தார். வெந்து முடியும்வரை மாதேஸ்வரி அந்த அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ரங்கநாயகி அம்மாள் ஒன்றை வாயில் போட்டார், இன்னொன்றைப் போட்டார். மூன்றாவதைப் பக்கத்திலிருந்த அம்மாவிடம் நீட்டினார்.

"பனி மொச்சைதான். கறமதுக்கு அரைக் கிலோ, குழம்புக்கு அரைக் கிலோ. உரிச்சுக் குடு" என்றார். கறமது என்றால் அவர்கள் வீட்டுப் பேச்சில் பொரியல்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் மைசூருக்கு நன்றி சொல்லும் காரணம். தார்ப்பாயை விரித்து உரிக்க உட்கார்ந்தோம். இரண்டு பேர் எத்தனை உரிக்க முடியும்? ரங்கநாயகி அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பிறகு பணப்பை மனிதர். கொஞ்ச நேரத்தில் தார்ப்பாயில் உட்கார இடமில்லை. மொச்சை உரிப்பது என்றால் மைசூர்க்காரர்களுக்கு ஊர்க்கதை பேசுவது என்று அர்த்தம் போல. யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஒரே பேச்சு. அவரவர் உரித்ததை அவரவரே நிறுத்து, முழு விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். உரித்த கூலியைக் கழிக்கச் சொல்லி மாதேஸ்வரி கேட்டதற்கு, "கதை பேசினதுக்குக் கூலியா?" என்று சிரித்தார்கள். உரித்துக்கொண்டே காட்டைப் பற்றிக் கேட்டார்கள். ராகிக்கு நடுவே எத்தனை வரிசைக்கு ஒரு வரிசை, பன்றி வந்தால் என்ன செய்வாய், பூச்சிக்கு என்ன அடிப்பாய். வேப்பங்கொட்டைக் கரைசல் இரண்டு முறை என்று மாதேஸ்வரி கன்னடத்தில் சரளமாகச் சொன்னார். ஆறு மூட்டையில் ஐந்து காலியானது. மிச்சம் ஒன்றைச் சித்தராஜு, "எங்க வூட்டுக்கு வாசனை இல்லாட்டியும் நடக்கும்" என்று பாதி விலைக்குக் கேட்டார். முக்கால் விலைக்கு முடிந்தது.

மரத்தடியில்

பதினொரு மணிக்கு மரத்தடியில் கூட்டம். விற்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் வாங்குகிறவர்கள் தரப்பிலும். எல்லோரும் தரையில்தான். எங்கள் குடியிருப்புக் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. அந்த இரண்டு விவசாயிகளை நாங்கள் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்தால் தக்காளிச் சண்டை பாதியிலேயே முடிந்திருக்கும்.

பேச்சு நீளவில்லை. "மொச்சை சீசனில் இவர் மேஜைக்கு வருவேன்" என்று வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். கழுவாமல் கொண்டு வரவேண்டும் என்று ஒரு குரல் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். விதைப்புக்கு முன்பே சில குடும்பங்கள் ராகிக்குப் பதிந்துகொள்வதாகவும், மழை பொய்த்துக் குறைவாக வந்தால் குறைவாகவே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்கள். மாதேஸ்வரிக்கு நிரந்தர மேஜை. அவர் உடனே செங்கோடனை அழைத்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். முந்தின நாள் கழுவிய கூத்தையும் சேர்த்தே சொன்னார்.

மறுமுனையில் செங்கோடன் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவால்ல புள்ள, கெட்டிக்காரிதான். மேசையில பலகை வெப்பாங்களே, யாரு பேரு?"

"என்ற பேருதானுங்கண்ணா. பயிர் பண்றவிய பேருதான் போடோணுமாம்."

சிரிப்பு நின்றது. "அதெல்லாம் வேண்டாம். என் பேரப் போடச் சொல்லு. இல்லாட்டி நாளைக்குச் சோளக்காரனுக்கே கையெழுத்துப் போட்டர்றேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பனியிலும் வெயிலிலும் நின்றவர் ஒருவர், பலகையில் பெயர் இன்னொருவருக்கா? மாதேஸ்வரியோ, "போட்டுக்கட்டுங்க்கா, காடு இருந்தாப் போதும்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். ரங்கநாயகி அம்மாள் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார்.

"நமஸ்காரம். நான் இந்தச் சந்தைல காய் வாங்கறவள். உங்க பயம் என்னன்னு எனக்குத் தெரியும். எங்காத்து வயல் ஸ்ரீரங்கபட்டணத்துகிட்ட இருந்தது. உழறவாளுக்கே நிலம்னு சட்டம் வந்தப்போ, உழுதுண்டிருந்தவர் பேருக்குப் போயிடுத்து. எங்கப்பா அதுக்கப்பறம் அந்தப் பாதையிலயே போகலை."

"அதேதானுங்கம்மா நாஞ் சொல்றது!" செங்கோடன் குரல் இறங்கியது. "இன்னைக்குப் பலகையில பேரு, நாளைக்குப் பத்திரத்துல பேருன்னு ஆயிருச்சுன்னா? எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

"பலகை பத்திரமாகாது. நில நம்பர் எழுத மாட்டோம், எந்தக் காடுன்னு எழுத மாட்டோம். அவ பேரு, ஊர் பேரு, அவ்வளவுதான். ஆனா உங்க பேர் போட்டா நான் வாங்க மாட்டேன். ஏன்னா, பூச்சி வந்தா என்ன அடிச்சேன்னு நான் கேட்டா, பதில் சொல்ல நீங்க இங்க இருக்க மாட்டேள்."

ரங்கநாயகி அம்மாள் தொலைபேசியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்றேன். எங்க வயல் யார் பேருக்குப் போச்சோ, அவரோட பேரன் இதே சந்தைல நாலாவது மேஜைல அரிசி விக்கறான். எங்காத்துல அந்த அரிசிதான்."

நாலாவது மேஜைக்கார இளைஞர் கூட்டத்தில்தான் இருந்தார். தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, தலையைக் குனிந்துகொண்டார். ரங்கநாயகி அம்மாள் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனதில் வருத்தமே இல்லாதவர் பேசிய பேச்சாக எனக்கு அது படவில்லை. வருத்தத்தோடேயே அந்த அரிசியை வாங்குகிறார். நியாயத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இப்படி ஒருவர் அதை வாரா வாரம் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதை அன்றுதான் பார்த்தேன்.

"யோசிச்சுச் சொல்றனுங்கம்மா" என்று செங்கோடன் வைத்துவிட்டார்.

போகிறவர்களுக்கு

முடிவைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்கு வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நீங்கள் படிக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

நேராகச் சந்தைக்கு மட்டும் என்றால் ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம், சாம்ராஜ்நகர் வழியாக மைசூருக்குப் பேருந்து இருக்கிறது, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சனிக்கிழமை இரவே போய்த் தங்குங்கள், பேருந்து நிலையத்தைச் சுற்றி ஆயிரம் ரூபாய்க்கு நல்ல அறை கிடைக்கும். சந்தைக்குக் காலை எட்டு மணிக்குள் போங்கள், கீரை அதற்குப் பிறகு இருக்காது. துணிப்பையும் சில்லறையும் அவசியம். மார்கழியில் போனால் மொச்சை, சித்திரையில் போனால் மாம்பழம். எதையும் வாங்கும் முன் எப்படி விளைந்தது என்று கேளுங்கள், கேட்டால்தான் அவர்களுக்கும் பிடிக்கிறது. பேரம் பேசாதீர்கள். மலை வழியாகப் போவதானால் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், விடியற்காலைக் குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. நான் எடுத்துக்கொள்ளாமல் போய், மாதேஸ்வரியின் போர்வையில் பாதியை வாங்கிக்கொண்டேன்.

குடியிருப்புகளில் என்னைப் போலக் காய் பிரிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். அடுத்த கூட்டத்துக்கு விளைவிக்கிறவர்களைக் கூப்பிடுங்கள். நான் திரும்பி வந்த வாரமே கூப்பிட்டேன். மூன்றாவது மாடிக்காரர் அவர்களிடம் தக்காளி ஏன் மழையில் அழுகுகிறது என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இனி மழைக்காலத்தில் அவர் வீட்டில் புளி ரசம்தானாம்.

பலகை

காலிச் சாக்குகளை மடித்து வண்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது மாதேஸ்வரியின் தொலைபேசி அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு, வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சோளக்காரன வேண்டாம்னு சொல்லிப்போட்டாராம். பேரு என்னுதே போட்டுக்கச் சொன்னாரு. பொங்கலுக்கு அவிய ஊட்டுக்கு ரெண்டு படி மொச்சை வேணுமாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கழுவாமக் கொண்டான்னாருங்க."

சந்தைக்காரர்கள் சிறிய மரப்பலகையும் வெள்ளைப் பெயின்டும் கொண்டுவந்தார்கள். கன்னடத்தில் பெயரையும் ஊரையும் எழுதி முடித்தார்கள். கீழே இடம் மிச்சமிருந்தது. "தமிழ்லயும் எழுதலாமே" என்றார் ரங்கநாயகி அம்மாள். ஆனால் அவருக்குத் தமிழ் எழுத வராது. வீட்டில் பேசுவதோடு சரி. மாதேஸ்வரி படித்ததும் கன்னடப் பள்ளியில். எழுதத் தெரிந்தது அங்கே எனக்கு மட்டும்தான். தூரிகையை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு வரியில் அவர் பெயரையும் அடுத்த வரியில் ஊரையும் எழுதினேன்.

மாதேஸ்வரி குனிந்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன் பெயரைத் தமிழில் அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை.

"இதுல எது நானு, எது ஊருங்க்கா?"

"மேல இருக்கறது நீங்க அம்மிணி. கீழ இருக்கறது ஊரு."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரிங்க, மேலயே இருக்கட்டும்" என்றார்.